புதுப்பிப்பு: பாப்பாவின் கார் சீட்டைத் திருப்பவில்லை

போன வாரம் கேட்டிருந்தேன்: பதினாறு மாதப் பெண், பின்பக்கம் பார்த்த கார் சீட்டில் கால் மடங்கிக் கிடக்கிறது, முன்பக்கமாகத் திருப்பிவிடலாமா என்று. திருப்பவில்லை. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கால் மடங்குவதால் ஒன்றும் ஆகாது. அவளே சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்கிறாள். இந்த வயதில் தலை கனம், கழுத்து இளசு. பின்பக்கம் பார்த்திருந்தால், முன்னால் மோதும்போது அந்த வேகத்தைச் சீட்டின் முதுகு முழுக்க வாங்கிக்கொள்ளும். சீட்டில் போட்டிருக்கும் உயர, எடை வரம்பைத் தொடும்வரை இப்படியேதான்.

ஆனால் சரிபார்க்கும்போது வேறொரு தப்பு அகப்பட்டது, நெஞ்சு பதறிவிட்டது. தோளுக்கு மேலே வாரை இரண்டு விரலால் கிள்ளினேன். மடிப்பு கையோடு வந்தது. அவ்வளவு தளர்வு! தடித்த ஸ்வெட்டரோடு இத்தனை நாள் கட்டியிருக்கிறேன். அதைக் கழற்றிவிட்டு இறுக்கினேன், இப்போது கிள்ள வரவில்லை. குளிருக்குப் போர்வையை வாருக்கு மேலே போர்த்துகிறேன். பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டியும் பார்த்தேன்: அசைவு 2.5 செ.மீ.க்குள்தான்.

அழுகை முதல் பத்து நிமிடம் இன்னும் இருக்கிறது. வண்டியை ஓரம்கட்டித்தான் தூக்குகிறேன். ஓடும் காரில் மடியில் எடுப்பதே இல்லை.