எங்க ஊர்ச் சாவடிக்கு காந்தி வந்தாரா? கல்வெட்டு வைக்கும் முன் தெரிய வேண்டும்

கரிசல்காட்டான்:
வணக்கம். திருமங்கலத்துக்குத் தெற்கே, விருதுநகர் ரோட்டை ஒட்டின கிராமம் எங்களுது. ஊர்ச் சாவடித் தூணில் "1921-ல் மகாத்மா காந்தி இங்கு அமர்ந்தார்" என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது. இப்போது சாவடியைப் புதுப்பிக்கிறார்கள், அதையே கல்லில் வெட்டப் போகிறார்கள். கல்லில் ஏறிவிட்டால் அப்புறம் யார் கேட்பது? அதனால்தான் இப்பவே விசாரிக்கிறேன்.

என்னிடம் இருப்பது எங்க அப்பத்தா சொன்னது மட்டும்தான். காரில் வந்தாராம். இடுப்பில் ஒரு துண்டு, மேலே ஒரு போர்வை. அப்பத்தாவோட ஆத்தா, தன் காதில் கிடந்த தண்டட்டியைக் கழற்றி காந்தியிடம் கொடுத்தாராம். "வடக்க எங்கயோ பூமி வெடிச்சு சனம் செத்துப் போச்சுன்னு அதுக்கும் காசு கேட்டாராம்" என்று சொல்லும்.

வைகைக்கரை:
காந்தி மதுரைக்கு வந்தது 1919, 1921, 1927, 1934, 1946 என 5 முறை. மேலமாசி வீதியில் 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடைக்கு மாறியது பிரபலமாகிவிட்டதால், சுத்துப்பட்டு ஊரெல்லாம் அந்த வருஷத்தையே எழுதி வைத்துக்கொள்கிறது. ஆதாரம் இல்லாமல் வெட்டாதீர்கள்.

திருநகர் வாத்தியார்:
தம்பி, அப்பத்தா சொன்ன அந்தக் கடைசி வார்த்தையைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. பீகார் பூகம்பம் 1934 ஜனவரி 15. அப்ப காந்தி அரிசன யாத்திரையில இருந்தார், 1933 நவம்பர்ல வார்தாவுல கிளம்பினது. ஜனவரி 24-ல திருநெல்வேலியில பேசும்போது, தீண்டாமைப் பாவத்துக்குத்தான் இந்தப் பூகம்பம்னு சொன்னார். தாகூரே அதை மறுத்து எழுதினார். அடுத்த நாள் மதுரை. ஆக, உங்க வீட்டு ஞாபகம் 1921 இல்லை, 1934. தண்டட்டியும் பொருந்துது: அரிசன நிதிக்குப் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தாங்க, வந்த பரிசுகளை அவர் மேடையிலேயே ஏலம் விட்டார்.

ஆனா வருஷம் கிடைச்சா ஊர் கிடைச்ச மாதிரி ஆகாது. அந்தம்மா உங்க ஊர்ல கொடுத்தாங்களா, வண்டி கட்டி மதுரைக் கூட்டத்துக்குப் போய்க் கொடுத்தாங்களா? தமுக்கம் பக்கத்துல காந்தி மியூசியம் நூலகத்துக்குப் போங்க. காந்தியோட பேச்சு, எழுத்து எல்லாம் சேர்ந்த நூல் தொகுப்புல 57-ஆம் தொகுதி 1934 ஜனவரி 16-ல இருந்து தொடங்குது. காந்தி நடத்தின ஹரிஜன் வார இதழ், சுதேசமித்திரன் நாளிதழ் ரெண்டுலயும் அந்த வாரத்தைப் பாருங்க.

இன்னொண்ணு. நீங்க சாவடிப் பக்கம் மட்டும் கேட்டிருக்கீங்க. அந்தப் பயணமே தீண்டாமையை ஒழிக்கணும்னு வந்தது. 1934-ல உங்க சாவடியில எல்லாரும் ஏறி உட்கார முடிஞ்சுதா? காலனியில போய்க் கேளுங்க.

கரிசல்காட்டான்:
நன்றி ஐயா. காலனியில் ஒரு பெரியவரிடம் பேசினேன். அவங்க அய்யா சொன்னதாகச் சொன்னார்: கார் நின்றது ரோட்டோரப் புளியமரத்தடியில். காலனி ஆட்கள் அவருக்குக் கதர் நூல் மாலை போட்டிருக்கிறார்கள். சாவடிக்கு காந்தி வரவே இல்லையாம். பூகம்பப் பேச்சு இந்தப் பெரியவருக்குத் தெரியவில்லை. ஆனால் காரையும் போர்வையையும் நான் கேட்காமலே சொன்னார். எங்க அப்பத்தாவை அவர் பார்த்ததே கிடையாது.

கமிட்டியில் சத்தம் போட்டார்கள். இருந்தாலும் கல்வெட்டு வேலையை நிறுத்தி வைக்க ஒத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை நூலகத்துக்குப் போகிறேன். சுதேசமித்திரன் பழைய இதழ்களைப் பார்த்துப் பழகியவர்கள் யாராவது கூட வர முடியுமா?