ஜெய்சல்மேர் மணல்மேடு: வேலூரிலிருந்து இரண்டு வண்டி, எத்தனை பாயிண்ட் காத்து, என்ன சாமான்?

காட்பாடி_கியர்:

டிசம்பர் கடைசியில் வேலூரிலிருந்து ஜெய்சல்மேர் கிளம்புகிறோம். வண்டி இரண்டு: மஹிந்திரா தார் டீசல் மேனுவல் (18 இஞ்ச் அலாய், 255/65 டயர்), மாருதி ஜிம்னி மேனுவல் (195/80, 15 இஞ்ச்). ஆள் நாலு பேர். சாம், குரி பக்கம் மணல்மேட்டில் இரண்டு நாள் ஓட்ட ஆசை. ஜவ்வாது மலையில் கல்லும் செம்மண்ணுமான ரோடுகள் பழக்கம்தான், மணல் மட்டும் புதுசு.

கேட்க வேண்டியது நாலு. டயரில் எத்தனை பாயிண்ட் (psi) காத்து வைப்பது? ஒருவர் 25 என்கிறார், இன்னொருவர் 12 என்கிறார். வின்ச் (வண்டி மூக்கில் மாட்டும், கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்) மாட்டலாமா, அந்தப் பணத்துக்கு வேறு ஏதாவது வாங்கலாமா? சிகரெட் லைட்டரில் சொருகும் சின்ன பம்ப் போதுமா? போவதற்கு முன்னால் விரிஞ்சிபுரம் பக்கம் பாலாற்று மணலில் இறங்கிப் பழகலாமா?

பழைய_ஜீப்பு:

காத்து விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மீதி எல்லாம் அதற்கு அப்புறம்தான். காத்தை இறக்கத் தெரிந்தவன் சாதாரண டயரிலேயே மேடு ஏறிவிடுவான். 32 பாயிண்ட்டோடு உள்ளே போகிறவனுக்கு எந்த பம்பரும் லிஃப்ட் கிட்டும் உதவாது.

இரண்டு வண்டிக்கும் 18-ல் ஆரம்பியுங்கள். வண்டி திணறினால் 15. அதற்குக் கீழே மாட்டிக்கொண்டால் மட்டும், வெளியே வரும் வரை 12. காத்து இறங்கினால் டயர் அகலமாகும் என்று நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும், தரையில் படியும் நீளம்தான் நிறைய கூடும். அந்த நீளம்தான் எடையைப் பரப்பி வண்டியை மணலுக்கு மேலேயே நிறுத்துகிறது. 25 என்று சொன்னவர் கெட்டிப்பட்ட மண் ரோட்டை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்.

உங்கள் தாரில் 18 இஞ்ச் ரிம்முக்கு மேலே டயர் சுவரின் உயரம் சுமார் 166 மி.மீ. அதே வண்டிக்கு வரும் 245/75, 16 இஞ்ச் டயரில் அது 184 மி.மீ. மணலுக்கு 16 தான் நல்லது, ஆனால் இந்த ஒரு டிரிப்புக்காக மாற்றத் தேவையில்லை. 14-க்குக் கீழே போகும்போது கூடுதல் கவனம் போதும்.

குளிர் ஒன்று இருக்கிறது. வேலூரில் 30 டிகிரியில் 32 பாயிண்ட் வைத்த டயர், ஜெய்சல்மேர் ஜனவரிக் காலையில் 8 டிகிரியில் 28, 29 தான் காட்டும். பஞ்சர் என்று பதற வேண்டாம். அதே மாதிரி காலையில் 16 வைத்துவிட்டு ஓட்டினால் மதியத்துக்குள் டயர் சூடாகி 18-ஐத் தாண்டலாம். மதியம் ஒருமுறை அளந்து இறக்குங்கள். பம்ப்பிலேயே இருக்கும் மீட்டரை நம்பாமல் தனியாக ஒரு கேஜ் வைத்துக்கொள்ளுங்கள்.

பம்ப்: லைட்டர் சாக்கெட்டின் ஃப்யூஸ் பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியர். உங்கள் டயர் ஒன்றை 16-லிருந்து 32-க்கு ஏற்ற ஏறத்தாழ 60-70 லிட்டர் காத்து வேண்டும். சின்ன பம்ப் ஒரு டயருக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் இழுத்து, மூன்றாவது டயரில் சூடாகி நின்றுவிடும். எட்டு டயர் இருக்கிறது. பேட்டரியில் நேராக கிளிப் போடும் வகை, 30 ஆம்பியர் வரை இழுப்பது வாங்குங்கள். ஏற்றும்போது இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

ஆரணி_டீசல்:

வின்ச் வேண்டாம் என்பது என் கட்சி. மணல்மேட்டில் கட்ட மரம் எங்கே இருக்கிறது? ஸ்டெப்னியைக் குழிதோண்டிப் புதைத்து அதில் கட்டலாம்தான். அதற்குள் மம்முட்டியால் வண்டியையே வெளியே எடுத்துவிடலாம். முன் ஆக்ஸில் மேல் 40 கிலோ கூடுவது தனி. மூக்கு கனத்தால் மேட்டின் அடியில் அதுதான் முதலில் புதையும்.

அந்தக் காசுக்கு: இழுத்தால் நீளும் கைனெடிக் கயிறு ஒன்று (9 மீட்டர்), மணல் பலகை (பிடிமானத்துக்கு டயருக்கு அடியில் வைப்பது) இரண்டு ஜோடி, நீளக் கைப்பிடி மம்முட்டி வண்டிக்கு ஒன்று, 18 மி.மீ. பிளைவுட்டில் இரண்டடிக்கு ஒன்றரையடித் துண்டு ஒன்று. பிளைவுட் ஜாக்கிக்கு. அது இல்லாமல் ஜாக்கி வைத்தால் ஜாக்கிதான் கீழே போகும், வண்டி மேலே வராது.

கயிற்றின் அறுபடும் அளவு வண்டி எடையைப் போல மூன்று மடங்கு. சாமானோடு தார் 2.2 டன் என்று வையுங்கள், 7 டன்னுக்குக் குறையாமல் வாங்குங்கள். 15 டன் கயிறு இன்னும் நல்லதுதானே என்று வாங்காதீர்கள். அது நீளவே நீளாது, சங்கிலி போட்டு இழுத்த மாதிரி வெட்டி இழுக்கும், ஜிம்னி சேஸிஸ் தாங்காது.

கயிற்றை வண்டியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிள், 4.75 டன் வேலைச்சுமை எழுதியது. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் கிரேன் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். எடை எழுத்து உலோகத்தில் பொறித்திருக்க வேண்டும், பெயின்ட்டில் எழுதியதை வாங்காதீர்கள். பின்னை முழுக்க முறுக்கிவிட்டுக் கால் சுற்று பின்னால் விடுங்கள், இல்லாவிட்டால் இழுத்த பிறகு கழட்ட வராது.

உயிர் போகிற விஷயம் ஒன்று. டிரெய்லர் கொக்கியின் உருண்டையில் கயிறு மாட்டாதீர்கள். அது ஒடிந்தால் குண்டு மாதிரி பின்வண்டியின் கண்ணாடிக்குள் போகும், வெளிநாட்டில் இப்படிச் செத்தவர்கள் உண்டு. லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கான வளையத்திலும் மாட்டக் கூடாது. சேஸிஸில் போல்ட் போட்ட இழுவைக் கொக்கி மட்டும்தான். கயிற்று நடுவில் கனமான சாக்கோ போர்வையோ போடுங்கள். கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஓட்டுநர்களைத் தவிர யாரும் நிற்கக் கூடாது.

காட்பாடி_கியர்:

நன்றி அண்ணா. 4 ஹெச் (நாலு சக்கரமும் இழுக்கும் சாதாரண நிலை) போதுமா, 4 எல் (அதிலேயே மெதுவான, பலமான நிலை) எப்போது? ஜிம்னி ஓட்டப் போகும் தம்பி, ‘நம்ம வண்டி லேசு, மணலில் மிதக்கும், கவலையில்லை’ என்கிறான். அது நிஜமா?

தேரிமண்:

எடை விஷயத்தில் தம்பி சொல்வது சரி, ஜிம்னி காலியாக 1,200 கிலோ அளவுதான். ஆனால் அதன் இன்ஜினுக்கு உச்ச இழுவை 134 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 ஆர்.பி.எம்.மில். உங்கள் தார் டீசலுக்கு 300, அது 1,600-லேயே வந்துவிடுகிறது. தாரில் மூன்றாம் கியரில் ஏறும் மேட்டை ஜிம்னி இரண்டாம் கியரில், இன்ஜின் சத்தம் போட, 3,500-க்கு மேல் வைத்துத்தான் ஏற முடியும். பாதி மேட்டில் கியர் மாற்றினால் அந்த ஒரு நொடியில் வேகம் செத்துவிடும். கியரை அடியிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

சமமான மணலுக்கு 4 ஹெச். செங்குத்தான இறக்கம், மாட்டிக்கொண்டு வெளியே வருவது, மேட்டடியில் மிக மெதுவாக நகர்வது, இதற்கெல்லாம் 4 எல். இரண்டு வண்டியிலும் 4 எல் போட நிறுத்தி நியூட்ரலில் போட வேண்டும், ஆகவே மேட்டின் நடுவில் யோசிக்காதீர்கள். மணலில் ஈ.எஸ்.பி.யை (சறுக்கலைத் தடுக்கும் எலக்ட்ரானிக் வசதி) அணைத்துவிடுங்கள். சக்கரம் கொஞ்சம் சுழன்றதும் அது இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும், நமக்கு அந்த நேரத்தில்தான் சக்தி வேண்டும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறக்காமல் 2 ஹெச் (இரண்டு சக்கர இழுவை). முன், பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரென்ஷியல் இரண்டிலும் கிடையாது, காய்ந்த ரோட்டில் 4 ஹெச்சோடு திரும்பினால் முறுக்கு ஏறி டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) கெடும்.

மேட்டை எப்படிப் படிப்பது: அங்கே மேடுகளை உருவாக்கும் பலமான காற்று கோடையில் தென்மேற்கிலிருந்து வருகிறது. அதனால் தென்மேற்கு முகம் சாய்வாக, இறுகி இருக்கும். வடகிழக்கு முகம் மணல் சரிந்து விழுந்த பக்கம், 32 முதல் 34 டிகிரி, பொதபொதவென்று. ஏறுவது சாய்வான பக்கம், இறங்குவது சரிவுப் பக்கம், இரண்டும் நேர்க்கோட்டில். குறுக்கே போகவே கூடாது. கீழ்ப்பக்கச் சக்கரம் புதைந்து வண்டி புரள்வது அப்படித்தான். உச்சிக்கு முன்னால் ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஒரு நடை வேகத்தில் தாண்டுங்கள். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒருவர் இறங்கிப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஏற முடியவில்லையா, திருப்பாதீர்கள். ரிவர்ஸ் போட்டு வந்த தடத்திலேயே நேராக இறங்குங்கள்.

நிறுத்தும்போது பிரேக் போடாமல் தானாக நிற்க விடுங்கள், மூக்கு இறக்கத்தைப் பார்த்து. பிரேக் போட்டால் நாலு டயருக்கு முன்னாலும் மணல் கட்டை எழும், கிளம்பும்போது அதில் ஏற வேண்டும்.

நேரம்: காலை பத்துக்குள், சாயந்திரம் நாலுக்கு மேல். பனி ஈரத்தில் காலை மணல் கொஞ்சம் இறுகி இருக்கும். உச்சி வெயிலில் நிழலே விழாது, மேட்டு விளிம்பும் பள்ளமும் ஒரே வெள்ளையாகத் தெரியும்.

மாட்டிக்கொண்டால் சக்கரத்தைச் சுழற்றாதீர்கள். இரண்டு நொடி சுழற்றினால் ஆக்ஸில் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் மணலில் உட்கார்ந்துவிடும், அப்புறம் கயிறு போட்டாலும் வராது. இறங்கி, வயிற்றுக்கு அடியிலும் ஒவ்வொரு டயருக்குப் பின்னாலும் மணலை வாருங்கள், காத்தை 12-க்கு இறக்குங்கள், பலகையைச் சரிவாகச் செருகி, வந்த வழியே ரிவர்ஸ். பத்தில் எட்டு முறை இதிலேயே வந்துவிடும்.

பழைய_ஜீப்பு:

மேலே சொன்னதோடு ஒன்று. 15-க்குக் கீழே இருக்கும்போது 40-ஐத் தாண்டாதீர்கள், ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிக்காதீர்கள். டயர் உதடு ரிம்மை விட்டு நழுவும், ஒரே நொடியில் காத்து பூஜ்ஜியம். நழுவினால்: ஜாக்கி பலகையோடு தூக்கி, உதட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் மணலை ஈரத்துணியால் முழுசாகத் துடைக்க வேண்டும், ஒரு துகள் இருந்தாலும் கசியும். சோப்புத் தண்ணீர் தடவி, டயரைச் சுற்றி லாரிக்குக் கட்டும் ராட்செட் பெல்ட்டை இறுக்குங்கள், உதடு வெளியே பிதுங்கும். வால்வு பின்னைக் கழட்டிவிட்டுக் காத்து ஏற்றினால் வேகமாகப் போய் ‘டப்’ என்று உட்காரும். பெல்ட்டைத் தளர்த்திவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும்.

வாலாஜா_வாசி:

பாலாறு கேட்டிருந்தீர்கள். நீரில்லா ஆறு என்று ஊரே நம்மைக் கேலி செய்தாலும் அந்த மணலில் இறங்காதீர்கள். மணல் திருட்டுக்காகக் கண்காணிப்பு இருக்கும் இடம், அதில் நாலு சக்கர வண்டி நின்றால் போலீஸ் முதலில் என்ன நினைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மணல் அள்ளிய குழிகள் மேலே வேலிகாத்தான் மூடிக் கிடக்கும், முள் டயர் சுவரிலேயே ஏறும். சுவரில் விழுந்த ஓட்டைக்குப் பிளக் போட்டால் நிற்காது. தவிர, அது சொரசொரப்பான பெரு மணல், ஜெய்சல்மேரில் இருப்பது உருண்ட பொடி மணல். இங்கே 22-ல் ஓடுகிறது என்று அங்கே 22-ல் போனால் புதைவீர்கள். தெற்கே செம்மணல் மேடான தேரிக்காடு இருக்கிறதே என்று கேட்காதீர்கள், குதிரைமொழித் தேரி காப்புக்காடு. ஜவ்வாது மலையிலும் காட்டு ரோடுகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும்.

பழக ஒரு நல்ல இடம்: தெரிந்தவர் யாராவது அறுவடை முடித்து உழுது போட்ட புழுதிக் கொல்லை. அனுமதி கேட்டு, காத்து இறக்குவது, ஏற்றுவது, பலகை வைப்பது, கயிறு மாட்டுவது, இந்த நாலையும் அங்கே செய்து பாருங்கள். ஓட்டுவதைவிட இந்தக் கை வேலைகள்தான் ஜெய்சல்மேரில் தடுமாறும்.

சட்டம்: சாம், குரி சுற்றுவட்டாரத்தில் பாலைவன தேசியப் பூங்கா இருக்கிறது, 3,162 சதுர கி.மீ., கானமயில் முட்டையிடும் நிலம். அதற்குள் தடம் விட்டு இறங்கக் கூடாது. உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு வைத்துக்கொள்ளுங்கள், எந்த மேடு யாருடையது என்று அவருக்குத்தான் தெரியும். பொக்ரான் பக்கம் ராணுவச் சுடுபயிற்சி நிலங்கள் உண்டு, வேலிக்குள் போகாதீர்கள், கிடக்கும் இரும்பைத் தொடாதீர்கள். எல்லைக்கு அருகில் அனுமதி இல்லாமல் ரோட்டை விட்டு விலகக் கூடாது. சாட்டிலைட் போன் எடுத்துப் போகவே வேண்டாம், தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் வைத்திருந்தாலே வழக்கு. வண்டிக்கு வண்டி பேச 446 மெகாஹெர்ட்ஸ், அரை வாட் வாக்கிடாக்கி போதும், அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

ஆரணி_டீசல்:

கடைசியாக இரண்டு. செவண் என்ற பாலைவனப் புல் காய்ந்து கிடக்கும் இடத்தில் டீசல் வண்டியை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். பி.எஸ்.6 வண்டியில் டி.பி.எஃப். (டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) தன்னைச் சுத்தம் செய்யும்போது சைலன்சர் பக்கம் கொதிக்கும், அடியில் மாட்டிய புல் பற்றும். நிறுத்தும்போதெல்லாம் குனிந்து பார்த்துப் புல்லை உருவிவிடுங்கள், தீயணைப்பு சிலிண்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஜிம்னி டேங்க் 40 லிட்டர்தான், மணலில் ரோட்டைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு குடிக்கும். காலையில் முழு டேங்க்கோடு இறங்குங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு ஐந்து லிட்டர். நம்ம ஊரில் வியர்வை சட்டையில் தெரியும், அங்கே உடனே காய்ந்துவிடுவதால் தண்ணீர் குறைவதே தெரியாது.

மணலிலிருந்து வெளியே வந்ததும் 32 ஏற்றிவிட்டு, ஏர் ஃபில்டரை உள்ளிருந்து வெளியே ஊதுங்கள், வெளியிலிருந்து ஊதினால் தூசு காகிதத்துக்குள் போய்விடும். ஜோத்பூர் ரோட்டில் 80-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் ஆடினால் பேலன்ஸ் போய்விட்டது என்று கடை தேடாதீர்கள். ரிம்மின் உள்பக்கம் மணல் ஒட்டியிருக்கும், ஈரத்தோடு இறுகியிருக்கும். குச்சியால் சுரண்டித் தண்ணீர் அடித்தால் சரியாகிவிடும்.