பதிப்பகம் பதில் சொல்லும்வரை எழுதுவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். என் முதல் நாவலைச் செப்பனிட்டு, கதைச்சுருக்கத்தோடும் மாதிரி அத்தியாயங்களோடும் சில பதிப்பகங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். மறுப்பு வந்தால்கூட ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுநாள் வேலையைப் பார்க்கலாம். என்னைத் தின்பது மௌனம்தான். மாதக்கணக்கில் பதில் வராதது இந்தத் துறையில் வழக்கம் என்று தெரியும். தெரிந்தும் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

இதனால் இரண்டாவது நாவல் நகரவில்லை. உட்கார்ந்தாலே, "முதலாவதே கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது, இது யாருக்கு?" என்று மனம் கேட்கிறது.

நூல் வெளியிட்டவர்களே, காத்திருந்த காலத்தில் உங்களை எழுத உட்கார வைத்தது எது? எழுதும் நண்பர்களோடு வாரக் கெடு வைத்துக்கொள்வது பயன்பட்டதா, அல்லது அது இன்னொரு தலைவலியா? இடையில் சிறுகதைகள் எழுதி இதழ்களுக்கு அனுப்பலாமா என்றும் யோசிக்கிறேன். நினைவூட்டல் மடலை எப்போது அனுப்பினால் தொந்தரவாக இருக்காது? ஒரே நேரத்தில் பல பதிப்பகங்களுக்கு அனுப்பியிருப்பதை அவர்களிடம் சொல்லிவிட வேண்டுமா?

புகழ்பெற்றவர்களும் நிராகரிக்கப்பட்டவர்கள்தாம் என்ற ஆறுதல் மட்டும் வேண்டாம். அது ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது. உங்களுக்கு உண்மையில் பலன் தந்தது எதுவானாலும், அற்பமாகத் தோன்றினாலும், எழுதுங்கள்.