லேடெக்ஸ் மெத்தை 8 மாசத்துல குழி விழுந்துடுச்சு, ஓரம் பொடியா உதிருது. உதவி வேணும்

வேளச்சேரிவாசி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயசு, ரொம்ப நாளா இடுப்பு வலி. "நேச்சுரல் லேடெக்ஸ் போடுங்க, 15 வருஷம் கவலையில்லை"ன்னு கடையில சொன்னதை நம்பி போன ஆகஸ்ட்ல ஒண்ணு வாங்கினேன். 78க்கு 60, 6 இஞ்ச் உயரம், 21,000 ரூபாய். இப்போ அப்பா படுக்கிற பக்கம் இடுப்பு வர்ற இடத்துல ஒன்றரை இஞ்ச் குழி. ராத்திரி எழுந்திருக்க கட்டிலோட சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்திருக்கிறார். மழைக்காலத்துல ஈர வாடை வந்துச்சு. அதனால ஏப்ரல்ல உறையைக் கழட்டி 4 நாள் மொட்டை மாடியில நல்ல வெயில்ல காயப்போட்டோம். இப்போ ஒரு ஓரம் மஞ்சளாகி, விரலால தேய்ச்சா ரவை மாதிரி உதிருது. இது போலியா? சரி பண்ண முடியுமா? புதுசா வாங்கணும்னா எந்த வகை, எவ்வளவு ஆகும்?

குலசேகரத்துக்காரன்:
தம்பி, முதல்ல வெயில் விஷயம். இலவம்பஞ்சு மெத்தையை வெயில்ல போட்டு அடிச்சு எடுக்கிறது நம்ம எல்லா வீட்டுப் பழக்கமும்தான். லேடெக்ஸ்ங்கிறது ரப்பர் பால்ல செய்யறது, ரப்பருக்கு அது ஆகவே ஆகாது. வெயிலோட புற ஊதாக் கதிரும் சூடும் ரப்பரை இறுக்கி நொறுங்க வைச்சிடும். ஸ்பஞ்சும் மஞ்சளாகத்தான் செய்யும். உதிர்ந்த இடம் திரும்ப வராது. இனிமே நிழல்ல, ஃபேன் காத்துல மட்டும் ஆறப்போடுங்க.

ஆனா குழி வெயிலால வந்தது இல்ல. நல்ல லேடெக்ஸ் 8 மாசத்துல ஒன்றரை இஞ்ச் அமுங்காது. எனக்கு சந்தேகம் வேற. ஒரு வேலை செய்யுங்க, மெத்தையை எடை போடுங்க. மெத்தைக்கு வார்க்கிற லேடெக்ஸ் பொதுவா ஒரு கன மீட்டருக்கு 75-லிருந்து 95 கிலோ வரை இருக்கும். உங்க அளவுக்கு கன அளவு 0.46 கன மீட்டர். 80 கிலோன்னு வச்சாலும் 36, 37 கிலோ வரணும், உறை தனி. ரெண்டு பேர் சேர்ந்து தூக்கினாலும் மூச்சு வாங்கும். தனியாளா மாடிக்குத் தூக்கிட்டுப் போனீங்கன்னா அதுவே பதில்.

கோவை தச்சுப்பட்டறை:
அவர் சொல்றதைச் செய்ங்க. கூடவே கட்டிலையும் பாருங்க. பாக்ஸ் கட்டிலா? மெத்தையைத் தூக்கி அடிப்பலகையில கருப்புப் புள்ளி இருக்கான்னு பாருங்க. இன்னொண்ணு, கடையில இருந்து வந்த பாலித்தீனைக் கழட்டினீங்களா? அழுக்காகக் கூடாதுன்னு அப்படியே விட்டுடற வீடு நிறைய பார்த்திருக்கேன். வேர்வை வெளியேற வழியில்லாம உள்ளயே நிக்கும்.

வேளச்சேரிவாசி:
அண்ணா, நான் ஒருத்தனேதான் தோள்ல வச்சு மாடிக்குக் கொண்டு போனேன். படிச்சதும் கை காலே ஓடல. இன்னைக்கு மெத்தையைச் சுருட்டிக் கட்டி, அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு எடை மெஷின்ல நின்னு, என் எடையைக் கழிச்சுப் பார்த்தேன். உறையோட 18.5 கிலோ.

ஜிப்பை முழுசாத் திறந்தேன். மேல 1 இஞ்ச் வெள்ளை, வரிசையா பென்சில் நுழையற அளவு ஓட்டை. அதுக்குக் கீழ 5 இஞ்சும் ஓட்டையே இல்லாத சாம்பல் நிற ஸ்பஞ்சு. ரெண்டையும் பசை போட்டு ஒட்டியிருக்காங்க. கட்டில் பாக்ஸ்தான். பலகையில நடுவுல கை அகலத்துக்குப் பூஞ்சை.

குலசேகரத்துக்காரன்:
கணக்கு நேராப் பொருந்துது. 1 இஞ்ச் லேடெக்ஸ் 6 கிலோ, 5 இஞ்ச் சாதா ஸ்பஞ்சு பத்து பதினோரு கிலோ, உறை ஒண்ணரை. குழி விழுந்தது அந்த ஸ்பஞ்சுதான்.

எங்க வீட்டுல ரெண்டு தலைமுறையா ரப்பர். விடியறதுக்கு முன்னாடி பால் வெட்டி, சிரட்டையில வடியறதைச் சேர்த்து எடுக்கிறோம். அந்தப் பால்ல மூணுல ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணி. உறையாம இருக்க அம்மோனியா சேர்த்து, மெஷின்ல சுத்தவிட்டு 60 சதவீதத்துக்குக் கொண்டு வந்த பிறகுதான் மெத்தைக்குப் போகும். அப்படி வந்த ரப்பர் கிலோ 200 ரூபாய்னே வச்சுக்குங்க. 35 கிலோவுக்கு ரப்பர் மட்டுமே 7,000 ஆச்சு. அதுக்கு மேல வார்ப்பு, ஆவியில வேக வைக்கிறது, கழுவிக் காய வைக்கிறது, பருத்தி உறை, வரி, லாரி, கடை லாபம். இவ்வளவு உழைப்பு உள்ள பொருளோட பேரைச் சொல்லி ஸ்பஞ்சை விக்கிறாங்கன்னு கேட்டா எனக்கு வயிறு எரியுது.

வகை கேட்டீங்க. டன்லப் முறை 1929-ல வந்தது. பாலை நுரைக்க அடிச்சு அச்சுல ஊத்தி வேக வைப்பாங்க. கொஞ்சம் அடர்த்தியா, கெட்டியா இருக்கும். நம்ம நாட்டுல செய்யறது பெரும்பாலும் இதுதான். தலாலே முறையில அச்சைக் காத்து உறிஞ்சி, உறைய வச்சு, அப்புறம் வேக வைப்பாங்க. மெதுவா, ஒரே சீரா இருக்கும், விலையும் அதிகம். அப்பா இடுப்புக்கு கெட்டியான டன்லப் போதும்னு நான் நினைக்கிறேன். இருந்தாலும் கடையில அவரையே ஒரு கால் மணி நேரம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லிப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை: ஓட்டை இருந்தா மட்டும் இயற்கைன்னு ஆகாது. பெட்ரோலியத்துல செய்யற செயற்கை லேடெக்ஸ்லயும், ரெண்டும் கலந்ததுலயும் அதே ஓட்டை இருக்கும். கண்ணால கண்டுபிடிக்க முடியாது. கோல்ஸ் (GOLS) சான்றிதழ், அதாவது இயற்கை விவசாய லேடெக்ஸுக்கான உலகத் தரச் சான்று இருந்தா 95 சதவீதத்துக்கு மேல இயற்கை விவசாய ரப்பர்னு அர்த்தம். சான்றிதழ் எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்க. ஓய்கோ-டெக்ஸ்ங்கிறது கெட்ட ரசாயனம் இருக்கான்னு பார்க்கிறது மட்டும், அதை வச்சு இயற்கைன்னு சொல்ல முடியாது.

ராயபுரம் மகேஷ்வரி:
போன வருஷம் நான் விசாரிச்சப்போ இதே அளவு முழு லேடெக்ஸ் 28,000-லிருந்து 45,000 வரை சொன்னாங்க. பட்ஜெட் இடிச்சா நான் செஞ்ச மாதிரி செய்யலாம்: கெட்டியான தேங்காய் நார் மெத்தை ஒண்ணு, அதுக்கு மேல 2 இஞ்ச் லேடெக்ஸ் விரிப்பு. எனக்கு ரெண்டும் சேர்த்து 21,500 ஆச்சு. வீட்டுல யாருக்காவது ரப்பர் கையுறை, பலூன் பட்டா தடிப்பு வருதுன்னா டாக்டர்கிட்ட கேக்காம வாங்காதீங்க.

பில்லுல என்ன எழுதியிருக்கு தம்பி?

வேளச்சேரிவாசி:
பில்லுல வெறும் "லேடெக்ஸ் மெத்தை 78x60x6"தான் அக்கா. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி வாட்ஸப்ல "உள்ளே முழுக்க லேடெக்ஸா?"ன்னு கேட்டேன். "ஆமா சார், ஃபுல்லா"ன்னு பதில் வந்தது அப்படியே இருக்கு.

ராயபுரம் மகேஷ்வரி:
அந்த மெசேஜ் போதும்! ஸ்க்ரீன்ஷாட், ஜிப் திறந்த படம், எடை படம் மூணையும் வச்சு முதல்ல கடைக்கு எழுத்துல அனுப்புங்க. கடைக்காரர் அசையலேன்னா 1915-க்குக் கூப்பிடுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் அசையலேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 வருஷத்துக்குள்ள போடணும். வெயில்ல காயப்போட்டதை மறைக்காதீங்க. உங்க புகார் குழியும் உள்ளே இருக்கிற ஸ்பஞ்சும் பத்தினது.

கோவை தச்சுப்பட்டறை:
கட்டிலுக்கு: பாக்ஸ் மேல்பலகையை எடுத்துட்டு 3 இஞ்ச் அகல ரீப்பர் (மரச்சட்டம்) அடிங்க, ரெண்டுக்கும் நடுவுல 2 இஞ்ச் இடைவெளி. 3 இஞ்சுக்கு மேல விட்டா லேடெக்ஸ் சந்துல இறங்கும். நடுவுல ஒரு குறுக்குக் கட்டை, கால் வச்சு. புது மெத்தையில செருப்புக் கடை மாதிரி வாடை வந்தா பயப்படாதீங்க, ரெண்டு மூணு வாரம் ஜன்னலைத் திறந்து வச்சா போயிடும்.

வேளச்சேரிவாசி:
கடைக்கு மூணு படத்தையும் அனுப்பிட்டேன். "வெள்ளிக்கிழமை ஓனர் வருவார், நேர்ல வாங்க"ன்னு பதில். ஆசாரி ஞாயித்துக்கிழமை வர்றார். கடைசியா ஒண்ணு, காசு திரும்ப வரலேன்னா அந்த 1 இஞ்ச் லேடெக்ஸையாவது காப்பாத்த முடியுமா?

குலசேகரத்துக்காரன்:
முடியும். ஆனா கேஸ் முடியற வரை தொடாதீங்க, அதுதான் சாட்சி. பிறகு பழைய ரம்பப் பல் கத்தியால பசைக்கோட்டுக்குக் கீழ ஸ்பஞ்சுப் பக்கமா அறுத்துப் பிரிங்க. லேடெக்ஸை நேரா இழுத்தா கிழியும். உதிர்ற ஓரத்தை 4 இஞ்ச் வெட்டி எடுத்துட்டு பருத்தி உறை தைச்சுப் போடுங்க. அதுவரைக்கும் அப்பாவை ஸ்பஞ்சு மேல படுக்க வைக்க வேண்டாம், வீட்டுல பழைய பஞ்சு மெத்தை இருந்தா அதைத் தரையில விரிச்சுக் கொடுங்க. எழுந்திருக்க சிரமப்படுவார்னா ரீப்பர் போட்டதும் கட்டில்ல அதையே விரிங்க.