தயிர்சாதக் குழந்தையுடன் கப்பல் பயணம்: போய் வந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பரில் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கே மரினா பேயில் கப்பல் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துத் திரும்பப் போகிறோம். நான்கு இரவுகள். மகளுக்கு நாலு வயது. தயிர்சாதம், நெய் தோசை, வாழைப்பழம், இதைத் தாண்டி எதுவும் உள்ளே போகாது. தயிர்சாதத்தில் ஒரு கடுகு தெரிந்தால் போதும், விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு வாயை இறுக மூடிக்கொள்வாள். போன மே மாதம் ஊட்டியில் இரண்டு நாளும் பாலும் பிஸ்கட்டும்தான். ராத்திரி பசியில் அவள் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

வீட்டில் சமைத்ததைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள், தீ ஆபத்து என்பதால் ரைஸ் குக்கர், கெட்டில் எதுவும் கூடாது என்று படித்தேன். சீல் பிரிக்காத பாக்கெட் பரவாயில்லையாம். வெந்நீர் ஊற்றினால் தயாராகும் அவல் உப்புமா பாக்கெட் கொஞ்சம் எடுத்துப் போகலாமா?

பஃபேயில் வெறும் சாதமும் சர்க்கரை சேர்க்காத தயிரும் தினமும் இருக்குமா? இனிப்புத் தயிரை அவள் தொடவே மாட்டாள். தோசை வேண்டுமென்றால் முன்கூட்டியே மெயில் போட வேண்டுமா, ஏறியதும் உணவகத்தில் சொன்னால் போதுமா? பினாங்கில் லிட்டில் இந்தியா இருக்கிறது, அந்த ஒரு வேளை சமாளித்துவிடலாம். நாள் முழுக்கக் கடலிலேயே இருக்கும் நாளை நினைத்தால்தான் கவலை.

அப்புறம், "பசித்தால் தானே சாப்பிடுவாள்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஊட்டியில் அதையும் பார்த்துவிட்டோம்.