மாசி விடியலில் எந்தக் குரலைக் கேட்பது, எப்படிக் குறிப்பது?

கணவாய்க்காத்து (கொழிஞ்சாம்பாறை):
தென்னந்தோப்பு, வரப்போரம் பனை வரிசை, இரண்டு இலவமரம். இடம் இதுதான். மாசி பாதியிலிருந்து விஷு (ஏப்ரல் நடு) வரைக்கும் காலையில் பறவைக் குரல் கேட்டுக் குறித்து வைக்கணும். எத்தனை மணிக்குப் போய் நிற்பது? பனி விலகி வெயில் வருவதை முதலில் சொல்கிற குரல் எது? குயில் இனங்களைக் காதால் எப்படிப் பிரிப்பது? மொபைலில் பதிவு செய்தால் காற்றிரைச்சல்தான் விழுகிறது, அதற்கு என்ன வழி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

தோப்புக்காரன் (பொள்ளாச்சி):
உங்க பக்கம் பிப்ரவரி நடுவில் சூரிய உதயம் 6.40ஐ ஒட்டி இருக்கும். மார்ச் நடுவில் 6.30, விஷு சமயத்தில் 6.10 சுமார். எப்பவும் உதயத்துக்கு 50 நிமிஷம் முன்னாடி போய் நில்லுங்க. தினமும் ஆறு மணி என்று வைத்துக்கொண்டால், ஏப்ரலில் பாதிப் பாட்டு முடிந்த பிறகுதான் போய்ச் சேருவீங்க.

முதல் அடையாளமாகக் குண்டுக்கரிச்சானை வைத்துக்கொள்ளுங்க, குயிலை வேண்டாம். குண்டுக்கரிச்சான் வருஷம் முழுக்க வீட்டைச் சுற்றியே இருக்கும். பனிக்காலத்தில் புதருக்குள் பதுங்கி 'ஸ்வீ' என்று மெல்லிய சீழ்க்கையும், 'சர்ர்' என்று ஒரு அதட்டலும் மட்டும்தான். வெயில் ஏறத் தொடங்கியதும் ஆண் பறவை பட்ட கொம்பிலோ கம்பியிலோ உச்சியில் உட்கார்ந்து, இருட்டு பிரியும் முன்பே பாட ஆரம்பித்துவிடும். நின்று நின்று, ஒவ்வொரு அடியையும் மாற்றி மாற்றிப் பாடும். அந்த முழுப் பாட்டு முதலில் கேட்கிற நாள்தான் குறிக்க வேண்டிய நாள்.

குயில் தையிலேயே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கூவிவிடும், அதனால் முதல் கூவலை நம்ப முடியாது. விடாமல் ஏறிக்கொண்டே போகிற 'குக்கூ' தொடர்ந்து சில நாள் கேட்டால் எழுதுங்க. உடம்பெல்லாம் புள்ளி போட்ட பெண் குயில் 'கிக்-கிக்-கிக்' என்று கத்தும். காக்கைக் கூட்டுப் பக்கம் அந்தச் சத்தம் வந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்க, முட்டையிடும் காலம் அதுதான்.

வெயில் ஏறியதும் செம்மார்புக் குக்குறுவான். 'டுக், டுக், டுக்' என்று நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் ஒரே தாளமாக அடிக்கும். தலையைத் திருப்பித் திருப்பிக் கூவுவதால் சத்தம் வருகிற திசை ஏமாற்றிவிடும். சத்தத்தைத் தேடாமல், இலையில்லாத மரத்தின் உச்சிக்கொம்புகளைப் பாருங்க. காலை வெயில் காய அங்கேதான் உட்காரும்.

மலையடி (கொல்லங்கோடு):
குயில் இனங்களுக்குச் சுரத்தை எண்ணினாலே போதும். இரண்டு சுரம், மேலேறினால் குயில். மூன்று சுரம், ஒவ்வொரு தடவையும் உச்சத்துக்கு ஏறி, கிறுக்குப் பிடித்த மாதிரி கத்திச் சட்டென்று நின்றால் அக்காக்குயில், ராத்திரியிலும் கேட்கும். நாலு சுரம், ஏறாமல் ஒரே மட்டத்தில் திரும்பத் திரும்ப வந்தால் விஷுப் பட்சி. அது உங்க தோப்பை விட இங்கே நெல்லியாம்பதி அடிவாரத்து மரக்கூட்டங்களில்தான் நன்றாகக் கேட்கும்.

கொன்றையைக் காலக்கணக்குக்கு நம்பாதீங்க. விஷுவுக்கு வெகு முன்பே பூத்துக் கொட்டிவிடுவது உண்டு. உங்க இலவமரம் இரண்டையும் கவனியுங்க. இலை முழுக்க உதிர்ந்து சிவப்பாகப் பூத்து நிற்கும்போது மைனா, கரிச்சான் (இரட்டைவால் குருவி), சின்னான், தேன்சிட்டு, காக்கை எல்லாம் தேனுக்கு வந்து மொய்க்கும். வாரத்துக்கு ஒரே கிழமையில் பாருங்க. மொட்டு, பூ, காய் ஒவ்வொன்றும் 'இல்லை', 'மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள்', 'அதற்கு மேல்' என்று மூன்றே வகையில் எழுதுங்க. 'நிறைய', 'சுமார்' என்று எழுதினால் அடுத்த வருஷம் ஒப்பிட முடியாது.

மண்டை போன பனைமரத்தை யாரையும் வெட்ட விடாதீங்க, தயவுசெய்து. பனங்காடையும் கிளியும் அந்தப் பொந்தில்தான் குஞ்சு பொரிக்கும். மார்ச்சில் பனங்காடை செங்குத்தாக மேலே ஏறி, கரகரவென்று கத்திக்கொண்டே புரண்டு விழுவதைப் பார்க்கலாம். அவ்வளவு அழகு!

பனிக்காலத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிற பறவைகளையும் எழுதணும். வேலிப் புதரில் பனிக்காலம் முழுக்க 'செக், செக்' என்று மட்டும் சொல்லும் பிளைத் நாணல் கதிர்குருவி, வடக்கே கிளம்பும் முன் மெதுவாகப் பாடத் தொடங்கும். ஆறுமணிக்குருவியும் விடியலிலும் அந்தியிலும் விசிலடித்துவிட்டு ஏப்ரல் வாக்கில் காணாமல் போகும். எது கடைசிக் குரல் என்று அன்றைக்கே தெரியாது, அதனால் கேட்கிற ஒவ்வொரு நாளும் தேதி போடுங்க.

ஒலிப்பெட்டி (பாலக்காடு):
பதிவு பற்றி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று நேரே மைக்கில் அடிப்பதும் பனையோலைச் சலசலப்பும் வேறு வேறு. முதலாவதுக்குத் திண்டு மறைவில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மொபைலின் அடிப்பக்க மைக்கை மெல்லிய பஞ்சால் மூடினால் போதும். இரண்டாவதுக்கு இடத்தை மாற்றுவது ஒன்றுதான் வழி, பனைக்குக் கீழே நிற்கவே கூடாது.

எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக எடுங்க. ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்க, இல்லாவிட்டால் பறவை நிறுத்தும் இடத்திலெல்லாம் இரைச்சல் பொங்கும். மொபைலை விமானப் பயன்முறைக்கு மாற்றி, மைக் முனையைப் பறவைப் பக்கம் நீட்டி, கை அசையாமல் அரை நிமிஷமாவது எடுங்க. தேதி, நேரம், இடத்தைப் பதிவின் கடைசியில் வாயால் சொல்லிவிடுங்க. வீட்டில் வந்து 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை மட்டும் வெட்டலாம். அதற்கு மேலே போனால் செம்போத்தின் 'உப்-உப்' மெலிந்துவிடும்.

கணவாய்க்காத்து:
ரொம்ப நன்றிங்க. பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் காட்டும் மெர்லின் செயலி சொல்வதை அப்படியே எழுதலாமா? பதிவை ஓடவிட்டுப் பறவையை வெளியே வரவைக்கலாமா?

ஒலிப்பெட்டி:
மெர்லின் காட்டுவதைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்க. குண்டுக்கரிச்சான் மற்ற பறவைகளின் குரலையும் பாட்டில் கலக்கும், துடுப்புவால் கரிச்சான் அதைவிடக் கெட்டிக்காரன், செயலி ஏமாந்துவிடும். உங்க காதில் விழாத பெயரை எழுத வேண்டாம். 'கேட்டது', 'பார்த்தது' என்று இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்க.

பதிவை ஓடவிடுவது கூடவே கூடாதுங்க. கூடு கட்டும் காலத்தில் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து ஆண் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு விரட்ட வரும். அது வழக்கமாகப் பாடும் கொம்புக்கு எதிரே பத்து நிமிஷம் அசையாமல் நில்லுங்க, தானே வந்து உட்காரும்.