கட்டிங் மெஷின் பிடிக்க மிருதங்கக்காரன் எந்தக் கையுறை வாங்க வேண்டும்?

வலந்தலை:

வணக்கம். 18 வருடமாக மிருதங்கம் வாசிக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் வீடு. மாடியில் ஒரு ரூமைப் பயிற்சி அறையாக மாற்றுகிறேன். 7 மிருதங்கம் அடுக்க ஒரு மர ஸ்டாண்டு, சுவரில் 2 அலமாரி, இவ்வளவுதான் வேலை. ஆசாரி இன்று நாளை என்று 2 மாதமாக இழுக்கிறார். சின்ன வயதில் அப்பாவோடு ரம்பம் இழுத்த பழக்கம் இருக்கிறதே என்று 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரும் (கட்டிங் மெஷின் என்பார்களே, அது) சுவரில் ஓட்டை போட ஹாமர் ட்ரில்லும் வாங்கிவிட்டேன். மரம் அறுக்கும் பல் பிளேடு ஒன்றையும் கடைக்காரர் சேர்த்துக் கொடுத்தார்.

நேற்று ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். போட்ட வேகத்திலேயே அணைத்துவிட்டேன். ஆள்காட்டி விரல் மீட்டில், அதாவது ஓரத் தோலில், விழ வேண்டும், மோதிர விரல் நடுவில் இருக்கும் கருப்பு வட்டமான கரணையின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், அப்போதுதான் 'நம்' என்ற சொல் பேசும். இந்த 2 விரல் போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. மார்கழிக்கு 5 கச்சேரி ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

வெட்டுப்படாத கையுறை என்று ஆன்லைனில் கிடைக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டால் போதுமா? இசைக்காரர்கள் யாராவது மரவேலை செய்கிறீர்களா?

உளிச்சத்தம்:

தம்பி, முதலில் அந்தப் பல் பிளேடைக் கழற்றித் தூரப் போடுங்கள். நாகர்கோவிலில் பட்டறை வைத்து 22 வருடம் ஆகிறது. நான் பார்த்த பெரிய காயங்கள் பாதிக்கு மேல் இந்தப் பிளேடால்தான். கிரைண்டர் இரும்பு அறுக்க, தேய்க்கச் செய்த மெஷின். நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று. மரத்தின் கணுவில் ஒரு பல் மாட்டினால் போதும், கையை உதறிக்கொண்டு துள்ளும். துள்ளும்போது எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் கையுறை. நீங்கள் சொல்வது கத்தி, கண்ணாடி, தகரம் இவற்றுக்கு ஆனது. சுற்றுகிற பல்லுக்கு அது எதிரி. ஒரு நூல் மாட்டினால் பிளேடு கையையே உள்ளே இழுத்துவிடும். வெறும் கையாக இருந்தால் தோலோடு போயிருக்கும் காயம், உறை இருந்ததால் எலும்பு வரை போகும். ரம்ப மெஷின், ட்ரில், மரத்தில் பள்ளம் எடுக்கும் ரூட்டர் எதற்கும் உறை வேண்டாம். முழுக்கைச் சட்டை, மோதிரம், கைக்கயிறு எதுவும் ஆகாது. இரும்பு தேய்க்கும்போது பொறிக்காகக் கையோடு ஒட்டிய தோல் உறை போடுவார்கள், அது வேறு விஷயம்.

பலாக்கட்டை:

தம்பி, நான் வீணை. தஞ்சாவூரில் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

2019 ஆடி மாதம். என் தம்பியின் பட்டறையில் டேபிள் சா, அதாவது மேஜையில் பொருத்திய ரம்ப மெஷின், இருந்தது. வீணைக்குப் பெட்டி செய்யப் பலகை அறுத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். பலகை அறுந்து முடிந்தது, சுவிட்சை அணைத்தேன், மோட்டார் சத்தம் இறங்கி நின்றது. மேஜை மேல் மரத்தூள் குவிந்திருந்தது. இடது கையால் வழித்துவிட்டேன். மோட்டார்தான் அடங்கியிருந்தது. பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

நடுவிரல், உள்ளங்கைப் பக்கம், நடு மூட்டுக்குக் கீழே. தசைநாண் ஒன்றும் உணர்வு நரம்பு ஒன்றும் அறுந்துவிட்டன. வலி உடனே தெரியவில்லை. விரலை மடங்கச் சொன்னேன், அது மடங்கவில்லை. அதைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை.

ஆபரேஷனுக்குப் பின் 6 வாரம் கட்டு, 3 மாதம் எடை தூக்கக் கூடாது. நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்றார்கள். மூட்டிலிருந்து நுனி வரை அளந்து பார்த்து நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். 5-ம் மாதம் வீணையைத் தொட்டபோது, துணி சுற்றிய விரலால் தந்தியைத் தொடுவது போல இருந்தது. தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்துக்குத் தந்தியை இழுக்கிறேன், எவ்வளவு தூரம் இழுத்தேன் என்று விரல் எனக்குச் சொல்லவில்லை. காதால் கேட்டுத்தான் சரி செய்ய வேண்டியிருந்தது. முக்கால்வாசி திரும்பி வர ஒன்றரை வருடம் ஆயிற்று. மார்கழிக் காலையில் நுனி இன்றும் மரத்துப்போகும்.

அதற்கப்புறம் நிறைய யோசித்தேன். நமக்குக் காதும் விரலும்தான் கண். சத்தம் நின்றால் நின்றுவிட்டது என்று காது சொல்லும், நம்பிவிடுவோம். பலகை வழவழப்பாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க மாட்டோம், தடவித்தான் பார்ப்போம். வாத்தியத்தில் நம்மைக் காப்பாற்றும் பழக்கம் மெஷினிடம் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இப்போது நான் செய்வது இது. அணைத்த பிறகு பிளேடின் பல்லை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க முடிகிற வரை மேஜையைத் தொடுவதில்லை. தூளுக்குப் பெயிண்ட் பிரஷ். பிளேடைச் சுற்றி ஒரு சாண் தூரத்தில் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டிருக்கிறேன், மெஷின் ஓடும்போது கோட்டுக்குள் கை போகாது, மரத்தைத் தள்ளத் தனியாக ஒரு கட்டை. பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி என் மடியில் போட்டுக்கொள்வேன். சாதகம் முடிந்து கை களைத்திருக்கும் நாளில் பட்டறைப் பக்கமே போவதில்லை.

உங்களுக்கு ஸ்டாண்டுதானே வேண்டும்? மரக்கடையில் அளவு கொடுத்தால் அங்கேயே அறுத்து இழைத்துத் தருவார்கள். ஓட்டை போடுவதும் திருகு முடுக்குவதும் பாலிஷும் நீங்கள் செய்யுங்கள். செய்த நிறைவு அதிலும் கிடைக்கும்.

ஆறுதந்தி:

கிட்டார்க்காரனாக ஒன்று. பிளாக் சப்பாத் ராக் குழுவின் கிட்டார்க்காரர் டோனி ஐயோமி கதையைச் சொல்லி யாராவது உங்களுக்குத் தைரியம் கொடுப்பார்கள். 1965-ல் பர்மிங்காமில் தகரப் பட்டறை மெஷினில் வலது கையின் 2 விரல் நுனி போயிற்று. இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கையே அது. சோப்புத் திரவ பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து, மெல்லிய தந்தி போட்டு வாசித்தார். பெரிய மனிதர்தான். ஆனால் மின்சாரக் கிட்டாரில் தந்தியை இளக்கலாம், ஒலியைக் கூட்டலாம். மிருதங்கத் தோலில் குப்பி மாட்டிய விரலுக்கு இடமே இல்லை.

பச்சைமுண்டாசு:

ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன். நடக்கவே கூடாது, இருந்தாலும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். விரல் துண்டானால் கையை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். துண்டான பகுதியை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி, அந்தக் கவரை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு கவரில் வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டால் திசு உறைந்து வீணாகும். சென்னை ஸ்டான்லி, கோவை கங்கா மாதிரி கை அறுவைக்குப் பேர்போன இடங்கள் இருக்கின்றன. துண்டான விரலை ஒட்டவைக்கும் மைக்ரோ சர்ஜரி திருச்சியில் எங்கே என்று இன்றே விசாரித்து நம்பரை போனில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹாமர் ட்ரில்லையும் கவனியுங்கள். அந்த அதிர்வு தொடர்ந்து பட்டால் விரல் மரத்துப்போகும், குளிரில் வெளுக்கும். கச்சேரிக்கு முதல் நாள் தொடவே வேண்டாம்.

வலந்தலை:

எல்லோருக்கும் நன்றி. வீணை அக்கா, நீங்கள் எழுதியதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிரைண்டரை இன்று காலையிலேயே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், 200 ரூபாய் பிடித்துக்கொண்டார், பரவாயில்லை. மரக்கடையில் அளவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை அறுத்துத் தருகிறார்கள். சுவரில் ஓட்டை போட எலக்ட்ரீஷியன் வருகிறார். சிவப்புப் பெயிண்டும் ஒரு டப்பா வாங்கிவிட்டேன்.